ஓரியூருக்கு முன்னால் லிஸ்பன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு பிரிட்டோ என்று பெயர் வைத்ததில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தேவகோட்டையில் இந்த வருஷம் மழை சுமார்தான். வீட்டில் இவளுக்கு மூட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை.

"யார் அந்த பிரிட்டோ?" என்று மருமகள் கேட்டதற்கு, "ஓரியூரில் தலை வெட்டப்பட்டவர்" என்றாயாமே. பச்சைப்பிள்ளைக்காரியிடம் அதையா முதலில் சொல்வது?

நானாக இருந்தால் அவர் பிறந்த லிஸ்பனிலிருந்து தொடங்குவேன். புனித ஜான் டி பிரிட்டோ, நம் அருளானந்தர், போர்ச்சுகலிலிருந்து இங்கே கிறிஸ்தவம் போதிக்க வந்த சேசுசபைத் துறவி. 1686-இல் மறவர் நாட்டில், அதாவது இராமநாதபுரம் சீமையில், அவரைப் பிடித்து, வதைத்து, இனி இங்கே போதிக்கக்கூடாது என்று விரட்டிவிட்டார்கள். அப்புறம் சேசுசபை வேலையாக போர்ச்சுகலுக்குப் போகிறார். அரசர் இரண்டாம் பேத்ரு சின்ன வயதில் அரண்மனையில் கூட வளர்ந்தவர். இங்கேயே இருந்துவிடு என்கிறார். பெற்ற தாயும் அங்கேதான். கேட்கவில்லையே! 1690-இல் திரும்பக் கப்பலேறி, காவி கட்டி, மரக்கறி உணவோடு பழையபடி தமிழ்த் துறவிக் கோலத்தில் பண்டாரசாமியாக அதே மறவர் நாட்டில் வந்து நிற்கிறார். ஓரியூரில் உயிர் தப்ப விசுவாசத்தை மறுதலித்திருக்க வேண்டும். லிஸ்பனில் எதையும் மறுக்க வேண்டாம், சும்மா இருந்தாலே போதும், ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் அந்தக் கப்பல் பயணம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் கதை உனக்குத் தெரியும். நோய் தீர்ந்து ஞானஸ்நானம் கேட்டவர், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி, மறவர் நாட்டு அரசர் கிழவன் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவள் போய் முறையிட, விவகாரம் முற்றியது. பிரசங்கங்களில் அவளைத்தான் வில்லியாக்குகிறார்கள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. புருஷன் மதம் மாறியதற்காகத் தெருவில் நின்றவள் தன் வீட்டாரிடம் போய் அழாமல் என்ன செய்வாள்? புனிதரை வணங்க அவளைத் திட்டித்தான் ஆகவேண்டுமா?

இராமநாதபுரத்தில் விசாரித்து, ஓரியூருக்கு அனுப்பி, 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டினார்கள். முந்தின நாள்கூடச் சிறையிலிருந்து கரியால் கடிதம் எழுதியிருக்கிறார். புனிதர் பட்டம் 1947 ஜூனில்.

சேதி லிஸ்பனுக்குப் போனதும் அவர் தாய் துக்க உடை உடுத்தாமல் விழாக்கோலத்தில் அரண்மனைக்கு வந்தார் என்று சொல்வார்கள். இதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நம் அம்மாக்களை யோசித்துப் பார். மகன் ஊர்விட்டு வேலைக்குப் போனாலே ஒரு வாரம் சோறு இறங்காது.

திருவிழா நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராதே, கூட்டம் தாங்காது. மார்ச்சில் வாருங்கள், திருவாடானை வழியாகச் சேர்ந்தே போவோம். அவர் இரத்தம் பட்டுச் சிவந்ததென்று நம்பும் ஓரியூர் செம்மண்ணை உன் அக்கா கேட்டிருந்தாரே, அதை இங்கிருந்து போகிறவர் ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்