பிள்ளை கண் விழிக்கும்போது வலி இருக்க வேண்டாமுங்க

கொங்கு மண்டலத்தில் குழந்தைகளுக்கு அறுவை செய்யும் மருத்துவர்களுக்கும் மயக்க மருத்துவர்களுக்கும்,

வணக்கமுங்க. நான் கோபிசெட்டிபாளையத்துக்காரி. குடலிறக்க ஆபரேஷன் செய்த இரண்டு பிள்ளைகளின் பக்கத்தில் இருந்தவள்.

முதலில் என் மகன். மூன்று வயது. ஆபரேஷனில் குறையில்லை. ஆனால் மயக்கம் தெளிந்ததுமே முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அழுதான். போர்வையைச் சரிசெய்தால்கூடத் துடித்தான். என் முந்தானையைப் பிடித்த கையை இருட்டும்வரை விடவில்லை. "குழந்தைன்னா அழத்தானுங்க செய்யும்" என்றார்கள். நானும் நம்பிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, கோவையில் தங்கை மகனுக்கு அதே ஆபரேஷன். அங்கே அவன் முழு மயக்கத்தில் இருக்கும்போதே, முதுகின் அடியில், வால் எலும்புக்குச் சற்று மேலே ஓர் ஊசி போட்டார்கள். காடல் பிளாக் என்றார்கள். எடைக்குத் தகுந்த அளவு மரப்பு மருந்து போனால் இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் வலி தெரியாதாம். கண் விழித்தவன் "பெரியம்மா, பன்னு" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பிள்ளைக்கும் இதைச் செய்திருக்கலாமே!

முதுகெலும்பில் குறையுள்ள பிள்ளைக்கு இந்த ஊசி ஒத்துவராமல் போகலாம். சரி, இடுப்பெலும்பு ஓரத்து நரம்புக்கு ஊசி இருக்கிறது. தையல் போடும் இடத்திலேயே மரப்பு மருந்து போடலாம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியாது என்று 1980கள்வரை நம்பிய மருத்துவர்கள் இருந்தார்கள். குறைமாதக் குழந்தையின் உடம்புகூட அறுவையில் எவ்வளவு அவதிப்படுகிறது என்பதை மருத்துவர் ஆனந்தும் உடனிருந்த ஆய்வாளர்களும் 1987ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் காட்டினார்கள். குடலிறக்கம் அதிகம் வருவதும் அந்தக் குறைமாதப் பிள்ளைகளுக்குத்தானே?

ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போதே எந்த ஊசி போடுவீர்கள், போடாவிட்டால் ஏன் என்று பெற்றவர்களிடம் சொல்லிவிடுங்கள். கால் கொஞ்ச நேரம் துவளலாம் என்பதையும் சொல்லுங்கள். தெரியாத தாய் பதறிப்போவாள்.

அப்புறம் இன்னொன்று. தங்கை மகனுக்குப் பகல் 11 மணிக்குப் போட்ட ஊசியின் மரப்பு, சாயங்காலம் காரில் நம்பியூர் தாண்டும்போது விட்டுவிட்டது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அலறினான். பாராசிட்டமால் சிரப் பையிலேயே இருந்தது. வலி வந்தால் கொடுங்கள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மரப்பு எத்தனை மணிக்கு விடும், அதற்கு முன்னால் சிரப்பை எத்தனை மில்லி கொடுக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்