கரி நெருப்பு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ அம்மாவிடம் போனில் பேசியதெல்லாம் என் காதிலும் விழுந்தது. அங்கே மஸ்கட்டில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கச் சாமியார் கூப்பிட்டாராம், நீ மாட்டேன் என்றாயாம். "என் யோக்கியதை எனக்குத் தெரியும்மா" என்றாயே, அது தொண்டையில் மீன்முள்ளாய் நிற்கிறது. போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது.

நாளை மறுநாள் ஜூன் 29, இராயப்பர் சின்னப்பர் திருநாள். பேதுருவைக் கடைசிவரை இராயப்பர் என்றுதான் உன் பாட்டி சொன்னாள். நம்ம தொழில்காரர் என்பதால் எனக்கும் அவரிடம் கொஞ்சம் உரிமை உண்டு. யோவான் நற்செய்தியில் 21ஆம் அதிகாரத்தை எடுத்துப் படி. ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்தும் மீன்பாடு இல்லை. விடியும்போது கரையில் நின்ற ஒருவர் வலப்பக்கம் வலை போடச் சொல்கிறார், 153 பெரிய மீன் விழுகிறது. அந்தக் கணக்குக்குப் படித்தவர்கள் என்னென்னவோ அர்த்தம் சொல்கிறார்கள். பங்கு பிரிக்கிறவன் எண்ணாமல் இருப்பானா? நிற்பது ஆண்டவர் என்று தெரிந்ததும் பேதுரு கடலில் குதிக்கிறார். குதிக்கிறவன் துணியை அவிழ்ப்பான். இவர் எடுத்துக் கட்டிக்கொண்டு குதிக்கிறார். வெட்கம், மக்கா.

கரையேறினால் அங்கே கரி நெருப்பு, அதன்மேல் மீன். எத்தனை வருஷமாகக் கேட்ட வாசகம், போன தவக்காலத்தில்தான் எனக்கு உறைத்தது. ஆண்டவரைப் பிடித்துக்கொண்டுபோன ராத்திரி, தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு குளிர் காய்ந்துகொண்டே "நான் அவருடைய சீடன் இல்லை" என்றாரே, அங்கே எரிந்ததும் கரி நெருப்புதான். இரண்டு இடத்திலும் யோவான் அதை விடாமல் எழுதியிருக்கிறார். அந்தப் புகை மூக்கில் ஏறியபோது இராயப்பருக்கு வயிறு எப்படிக் கலங்கியிருக்கும்! ஆண்டவர் பழைய கதையைக் கிளறவில்லை. முதலில் சாப்பிடச் சொன்னார். அப்புறம் என்மேல் அன்பு இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் ஆடுகளை அவர் கையில் ஒப்படைத்தார்.

அதோடு ஆள் முழுசாகத் திருந்திவிட்டார் என்று நினைக்காதே. பெந்தகோஸ்து நாளில் அவர் பேசியதைக் கேட்டு ஏறக்குறைய 3,000 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். அதற்கெல்லாம் பிறகு அந்தியோக்கியாவில், யூதரல்லாத பிற இனத்தாரோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல், அதுதான் நம்ம சின்னப்பர், முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். பந்தியில் ஆள் பார்த்து எழுந்துபோவது என்னவென்று நம் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முற்றத்தில் இருந்த அதே பயம்தான் அது. அப்படிப்பட்டவர் கையில்தான் சபை இருந்தது.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் குடித்துக்கொண்டிருந்த காலம், நீ மூன்றாம் வகுப்பு. பக்கத்து வீட்டுக் கிழவி சாகக் கிடந்தாள். பங்குச்சாமியார் வெளியூரில், உபதேசியாருக்குக் காய்ச்சல். எழுத்துக்கூட்டாமல் செபம் வாசிக்கத் தெரிந்தவன் அந்தத் தெருவில் நான் ஒருத்தன்தான். வாயில் நாலு கிராம்பைப் போட்டுக்கொண்டு போனேன். கிராம்பு என்னத்தை மறைக்கும்? மன்றாட்டு மாலையை வாசித்தேன். ஒவ்வொரு புனிதர் பெயருக்கும் அவள் உதடு மட்டும் அசைந்தது, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று. அவமானத்தில் இரண்டு தடவை நிறுத்தினேன். நிறுத்தும்போதெல்லாம் அவள் விரல் என் மணிக்கட்டை அழுத்தியது, வாசி என்று. முடிப்பதற்குள் முகம் தெளிந்துவிட்டது அவளுக்கு. அந்தத் தெளிவை என்னால் கொடுத்திருக்க முடியுமா, நீயே சொல்.

யூதாசே திருமுழுக்குக் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துதான் என்று புனித அகுஸ்தினார் சொன்னதைப் பிற்பாடு ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். எனக்கு அது கிழவியின் விரலிலேயே தெரிந்திருந்தது. குடிக்கு இதைச் சாக்காக வைத்துக்கொள்ளாதே. எனக்குக் குடியை நிறுத்த அப்புறமும் நாலு வருஷம் ஆனது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போ. போய்விட்டு வகுப்புக்கும் போ. யோக்கியதை வரட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

வகுப்பு வெள்ளிக்கிழமை என்றாய். அதற்குள் நம் தெருப் பையன் அங்கே வந்து சேருவான். அம்மா நெத்திலிக் கருவாடு கொடுத்துவிட்டிருக்கிறாள். பாட்டியின் செபப் புத்தகமும் அதே பையில் இருக்கிறது, அன்றைக்கு நான் வாசித்தது அதில்தான். தையல் விட்டுப்போயிருக்கிறது, பார்த்துப் புரட்டு.

அப்பா