ஜூலை 4 அலங்காரம்: நம் கையால் செய்வோம்

எல்லோருக்கும் வணக்கம். 2026 ஜூலை 4 அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் 250-ஆவது ஆண்டு. இந்த முறை வாசல் அலங்காரம் பிள்ளைகள் கையால் செய்ததாக இருக்கட்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்குக் காகிதத் தோரணம் போதும். துணியில் தோரணம் கட்டுபவர்கள் மட்டும் வரிசையைக் கவனியுங்கள்: மேலே நீலம், நடுவில் வெள்ளை, கீழே சிவப்பு. கொடி விதிமுறை அப்படித்தான் சொல்கிறது.

பெரிய பிள்ளைகளுக்கு ஐஸ் குச்சியில் அமெரிக்கக் கொடி. 13 குச்சிகளை நெருக்கமாக அடுக்கி, பின்பக்கம் குறுக்கே இரண்டு குச்சி வைத்து ஒட்டுங்கள். சிவப்பு 7, வெள்ளை 6. முதலும் கடைசியும் சிவப்பாக வரவேண்டும். இடது மேல் மூலையில் முதல் 7 குச்சி உயரத்துக்கு நீலம். அது நன்றாகக் காய்ந்த பிறகு பஞ்சுக்குச்சியை வெள்ளைப் பெயின்ட்டில் தொட்டு 50 புள்ளி வைக்கலாம். ஒன்பது வரிசை, 6, 5 என்று மாறி மாறி. அவசரப்பட்டால் நீலம் கலங்கிவிடும்.

அப்புறம், கொடி அச்சடித்த தட்டு, நாப்கின் தயவுசெய்து வேண்டாம். சாப்பிட்டுக் குப்பையில் போடும் பொருளில் கொடி இருக்கக் கூடாது. மூன்று நிறமும் இருந்தாலே அழகுதான்.

மிச்ச ஐஸ் குச்சி, பசை வைத்திருப்பவர்கள் இங்கே சொல்லுங்கள், பகிர்ந்துகொள்ளலாம்.