சுடாமலும் விளையாடலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடியோ கேம் என்றாலே கண்டபடி சுட்டுத் தள்ளுவதுதான் என்று சென்ற வார வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு வயது 57. மகன் விட்டுச் சென்ற கணினியில் ஆறு மாதமாக ‘ஸ்டிக்ஸ்: மாஸ்டர் ஆஃப் ஷேடோஸ்’ விளையாடி வருகிறேன். பிரான்சின் சயனைடு ஸ்டுடியோ உருவாக்கி 2014இல் வந்த விளையாட்டு.

இதில் நாயகனே ஒரு திருட்டுக் கோப்ளின், அதாவது மேலைநாட்டுக் கதைகளில் வரும் குட்டிப் பூதம். பச்சைத் தோல், கூர்க்காது, வாயைத் திறந்தால் நக்கல். இரண்டு காவலர்கள் சேர்ந்து பிடித்தால் ஆள் காலி. அதனால் சண்டையை மறந்துவிட வேண்டும். குனிந்தே நடக்க வேண்டும், மணலை வீசித் தீப்பந்தத்தை அணைக்க வேண்டும், பெட்டிக்குள் சுருண்டு கிடக்க வேண்டும். வாந்தியெடுத்துத் தன்னைப் போலவே ஒரு நகலையும் உண்டாக்குவான் (சாப்பிட்டு முடித்த கையோடு பார்க்காதீர்கள்). அந்த நகலை விட்டுக் காவலர்களைத் திசைதிருப்பலாம். கண் தெரியாத பெரிய பூச்சிகளும் உண்டு. அவற்றுக்குக் காது மட்டும் பயங்கரக் கூர்மை. ஒரு முறை அவசரப்பட்டு ஓடினேன், அவ்வளவுதான்.

குறையும் இருக்கிறது. விளிம்பைப் பிடிக்கத் தாவினால் சில நேரம் பிடிக்காமல் நேரே பாதாளத்துக்குப் போய்விடுகிறான். ஒரே இடத்தில் பதினோரு முறை விழுந்திருக்கிறேன். அப்போதும் யாரையும் சுடவில்லை, ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி