கடலைக்காய் ஆய வந்தவர்களுக்கு

2019 ஏப்ரல் 8, திங்கட்கிழமை தீர்ப்பு வந்ததிலிருந்து எங்கள் ஊரில் யாருக்கும் தூக்கமே இல்லை, இந்தத் தடவை சந்தோஷத்தில். சேலம்-சென்னை எட்டு வழிச்சாலைக்கு நிலம் எடுத்தது செல்லாது, பட்டாவில் எட்டு வாரத்துக்குள் பழையபடி எங்கள் பெயரையே ஏற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி சொல்லப் போவதில்லை. தேர்தல் நேரம் வேறு, ஆளாளுக்கு இது தங்களால் கிடைத்த வெற்றி என்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

வழக்குப் போட்டவர்கள், காசு வாங்காமல் வாதாடிய வக்கீல்கள், அச்சாங்குட்டப்பட்டி, குப்பனூர், பூலாவரி என்று ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கின பிள்ளைகள், உள்ளே போனவர்களுக்குச் சோறு கொண்டுபோன அண்ணன்மார், ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து எங்களோடு உட்கார்ந்த மலைக்காரர்கள், எல்லோருக்கும் கும்பிடு. யார் பெயரையாவது விட்டுவிடுவேன் என்று பயந்துதான் ஒருவர் பெயரையும் எழுதவில்லை.

ஆனால் ஒன்றைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

போன வருஷம் ஜூனில் ரோட்டுக்காக நிலத்தை அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் கிணற்றடிக் காட்டில் கடலை முற்றி நின்றது. வீட்டுக்காரரைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காட்டைச் சுற்றிப் போலீஸ் நின்றால் எந்தக் கூலி ஆள் வருவார்? இன்னும் நாலு நாள் விட்டால் காம்பு அறுந்து காயெல்லாம் மண்ணிலேயே நின்றுவிடும், நடுவில் ஒரு மழை பெய்தால் முளைத்துவிடும். நிலமே போகப்போகிறது, இதில் கடலை என்ன கடலை என்று நானும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பக்கத்து தேவாலயத்துப் பங்கு மக்கள் வந்தார்கள், வெள்ளைப் புடவையும் கோவிலுக்குப் போட்ட சட்டையுமாக. பேசத்தான் வருகிறார்கள், ஜெபம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு ஆயா மட்டும் கேட்டார், "ஏங்கண்ணு, தண்ணி விட்டாச்சா, செடி பிடுங்க வருமா?" அவ்வளவுதான், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காட்டில் இறங்கிவிட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து யாரென்று கேட்டார். "கூலிக்கு வந்திருக்கோம் சாமி" என்றார் ஆயா. கூலி கடைசிவரை வாங்கவில்லை, ஆய்ந்த காயில் பங்கு அளந்து கொடுத்தபோதும் தொடவில்லை.

மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன், அன்று யாரும் என்னிடம் ஒரு துண்டுத்தாள்கூட நீட்டவில்லை. பங்குச் சாமியார் குனிந்து செடி பிடுங்கிப் பழக்கமில்லாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார், எல்லோரும் சிரித்தோம். எத்தனையோ நாளைக்கு அப்புறம் நான் சிரித்தது அன்றுதான்.

காய் ஆய்ந்துகொண்டே ஆயா கதை சொன்னார். அவர் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது மேட்டூர் அணை கட்டி ஊரே தண்ணீருக்குள் போய்விட்டதாம். 1934இல் முடிந்த அணை அது. நம் சேலம் ஜில்லாதான், நானும் பூங்காவைப் பார்த்துவிட்டு மீன் சாப்பிட்டுத் திரும்பியிருக்கிறேன், அடியில் ஊர்கள் கிடப்பதை நினைத்ததே இல்லை. தண்ணீர் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய கோவில் நந்தியும் இரட்டைக் கோபுர தேவாலயமும் வெளியே தெரியும். சாகிறவரை அம்மா அதைப் போய்ப் பார்க்க மறுத்துவிட்டாராம். "அந்தத் தண்ணியிலதான் தஞ்சாவூரு சோறு திங்குது, அதைத் தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா போறப்ப எங்களுக்காக ஒருத்தரும் வந்து நிக்கல கண்ணு" என்றார் ஆயா.

அப்புறம் பைபிளில் இருக்கும் நாபோத் கதை. அரண்மனைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு திராட்சைத் தோட்டம், ராஜா காய்கறி போட அதைக் கேட்கிறார், இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லாவிட்டால் காசு தருகிறேன் என்கிறார். அட, அப்போதே இழப்பீடு பேசியிருக்கிறார்கள். அப்பன் பாட்டன் சொத்து, தரமாட்டேன் என்றுவிட்டார் நாபோத். ஆயா அதோடு நிறுத்திக்கொண்டார். பொய்ச் சாட்சி சொல்லி அந்த மனுஷனைக் கல்லால் அடித்துக் கொன்ற கதையை எனக்கு வேறொருவர் வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்டிருந்தால் உடைந்துபோயிருப்பேன். ஆயா தெரிந்துதான் விட்டிருக்கிறார்.

மேல்முறையீடு போவார்கள் என்று பேச்சு இருக்கிறது. போகட்டும். இனி எந்த ஊரில் கல் நட வந்தாலும், அணைக்கோ ரோட்டுக்கோ சுரங்கத்துக்கோ, எந்தச் சாமி கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், அங்கே அறுப்பு நின்றுபோயிருந்தால் நாங்கள் வருவோம். எங்கள் தெருப் பெண்கள் பேசி முடிவு செய்துவிட்டோம்.

தீர்ப்பன்று லட்டு கொடுத்தனுப்பினோம். தவக்காலம், ஈஸ்டர் வரை இனிப்பு தொடமாட்டேன், எடுத்து வை என்று திருப்பி அனுப்பிவிட்டார் ஆயா. சரி, ஈஸ்டர் அன்று நாங்களே புதிதாகப் பிடித்துக்கொண்டு வருகிறோம், கூடவே ஒரு மூட்டை கடலைக்காயும். அன்றைக்குப் பூசை எத்தனை மணிக்கு முடியும் என்று பங்கில் யாராவது சொல்லுங்கள்.