தங்கச்சிக்கு: உன் கல்யாணத்தைப் படமெடுக்க யாரைக் கூப்பிடுவது?

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று கொட்டேஷனையும் பொறுமையாகப் படித்தேன். சித்தப்பாவுக்கு முதலாவது பிடித்திருக்கிறது, உனக்கு மூன்றாவது. "எதுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம், அக்கா?" என்று ஒரு வரியில் கேட்டுவிட்டாய். எனக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

நடுவில் இருப்பதை விட்டுவிடலாம். அது முதலாவதையே கொஞ்சம் குறைத்துப் போட்டது. முதலாவதில் டிரெடிஷனல் போட்டோவுக்கு, அதாவது மேடையில் நேராக நிற்க வைத்து எடுப்பதற்கு, இரண்டு பேர், வீடியோவுக்கு இரண்டு பேர், கேண்டிட், அதாவது நிற்கச் சொல்லாமல் இயல்பாக இருக்கும்போதே எடுப்பவர், ஒருவர், ட்ரோன், கிரேன், எல்இடி திரை, போதாததற்கு ப்ரீ-வெட்டிங் ஷூட் இலவசம். மூன்றாவதில் கேண்டிட் எடுக்கிற இரண்டே பேர், ஆனால் முந்தின நாள் காலையில் வந்து கல்யாணத்தன்று மத்தியானம் பந்தி முடிகிறவரை இருக்கிறார்கள். விலை ஏறக்குறைய ஒன்றுதான். "அங்கே அஞ்சு பேர் வர்றான், இங்கே ரெண்டு பேர்தானா?" என்று சித்தப்பா கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஐந்து பேரும் முகூர்த்த நேரத்தில் எங்கே நிற்பார்கள் என்று யோசித்துப் பார். மேடைக்கு எதிரே, வரிசையாக, சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அதே நேரத்தில் மணமகள் அறையிலோ வாசலிலோ சமையல்கட்டிலோ ஒருவர்கூட இருக்கமாட்டார்கள்.

'கேண்டிட்' என்ற சொல்லை இன்றைக்கு எல்லா ஸ்டூடியோக்காரரும் போடுகிறார்கள். பலர் எடுப்பது என்னவென்றால், உன்னை ஜன்னல் பக்கம் நிற்க வைத்து, "வளையலைப் பாருங்க சிஸ்டர், லேசா சிரிங்க" என்று சொல்லி எடுக்கிற படம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது சொல்லி வைத்து எடுத்தது. டாக்குமென்டரி முறையில் எடுப்பவர் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டார், எதையும் திரும்பச் செய்யச் சொல்லமாட்டார். நடப்பது நடக்கும், அவர் அங்கே இருப்பார்.

இது நம் ஊருக்கு நேற்று வந்த சங்கதி இல்லை. 1950-ல் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். கையில் சின்ன லைக்கா கேமரா. ஃபிளாஷ் என்பதே அவருக்கு ஆகாது. கல்யாணத்தில் இந்த முறையைப் பிரபலமாக்கியவர்களில் டெனிஸ் ரெஜி என்ற அமெரிக்கர் முக்கியமானவர். 1996 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியரின் கல்யாணத்தில், சின்னத் தேவாலயத்தின் வாசலைத் தாண்டும்போது மாப்பிள்ளை பெண்ணின் கையை எடுத்து முத்தமிடுகிற படம் அவர் எடுத்தது. அந்தக் கல்யாணத்தை உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு படத்தால்தான்.

நம் வீட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பெரிய மாமா மகள் கல்யாண ஆல்பத்தில் தாரை வார்க்கிற படத்தை அடுத்த முறை போகும்போது நன்றாகப் பார். மாமா அவள் கையைப் பிடித்திருக்கிறார். ஐயர் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமா மந்திரத்தையும் கவனிக்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டில் கல் பக்கம் கீழே போய்விட்ட வளையலைக் கட்டைவிரலால் மெதுவாகத் திருப்பிவிடுகிறார். பின்னால் மாமி செம்புத் தண்ணீரைச் சாய்த்துப் பிடித்தபடி மாமாவின் முகத்தையே பார்க்கிறார். அந்த வளையலைத் திருப்பியது அவருக்கே நினைவில்லை. அதை எடுத்த பையன் மேடை ஓரத்தில், ஐயருக்குப் பக்கத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஃபிளாஷ் கிடையாது, பெரிய லென்ஸும் கிடையாது. கிட்டே போய் எடுக்கிற ஒரு சின்ன 35 எம்எம் லென்ஸ், அவ்வளவுதான். கிட்டே இருந்தால்தான் அந்தப் படம் கிடைக்கும். கிட்டே இருந்தும் யார் கண்ணையும் உறுத்தாமல் இருப்பதுதான் அந்தத் தொழிலே.

அதனால் மூன்றாவது ஆட்களிடம் நீ முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "இன்ஸ்டாகிராமில் போட்ட இருபது படம் வேண்டாம். ஒரே கல்யாணத்தின் படங்கள் முழுவதையும், குடும்பத்துக்குக் கொடுத்தபடியே காட்டுங்கள்." அதுவும் நம்மூர் மண்டபக் கல்யாணமாக இருக்கட்டும். மகாபலிபுரத்துக் கடற்கரை ரிசார்ட்டில் சாயங்கால வெயிலில் யார் எடுத்தாலும் நன்றாக வரும். டியூப்லைட் அறையில் விடியற்காலை நாலு மணிக்கு எடுத்தது எப்படி இருக்கிறது, ஹோமப் புகைக்குள் முகம் தெரிகிறதா, பந்தியில் ஆட்களை எடுத்திருக்கிறார்களா என்று பார். இன்னொன்றும் கவனி. அந்தப் படங்களைப் பார்த்து முடிக்கும்போது, முன்பின் தெரியாத அந்தக் குடும்பத்தில் யார் யாருக்குப் பிரியம், யார் ஓடி ஓடி வேலை செய்தார்கள் என்று உனக்குப் புரிய வேண்டும். புரிந்தால் ஆள் கெட்டிக்காரர், தாராளமாக நம்பலாம்.

அடுத்தது, யார் வருவார்கள்? ஒரே முகூர்த்த நாளில் ஒரு ஸ்டூடியோவுக்கு மூன்று நான்கு கல்யாணம் இருக்கும். நீ பார்த்துப் பிடித்துப்போன படங்களை எடுத்தவர் வேறு மண்டபத்துக்குப் போய்விட்டு, உன் கல்யாணத்துக்கு வேறு யாரையாவது அனுப்பலாம். வருகிறவரின் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் பதிலுக்கு யார் என்பதையும் எழுதச் சொல். இரண்டு பேரில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் மிகவும் நல்லது. புடவை கட்டுகிற நேரம், சித்தி உனக்குப் பூ வைக்கிற நேரம் எல்லாம் அறைக்குள் இயல்பாக இருக்க அவரால்தான் முடியும்.

இப்போது நேரக் கணக்குக்கு வருகிறேன். உனக்கு முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. மேக்கப் போடுகிறவர் மூன்று மணிக்கே வந்துவிடுவார். 'முகூர்த்தக் கவரேஜ்: காலை 5.30 முதல்' என்று முதல் கொட்டேஷனில் போட்டிருக்கிறது, கவனித்தாயா? அதற்குள் பாதிக் கல்யாணம் முடிந்துவிடும். நீ தூக்கக் கலக்கத்தில் காபியோடு உட்கார்ந்திருப்பது, ஆச்சி பெட்டியைத் திறந்து தன் பழைய அட்டிகையை எடுத்துக் கொடுப்பது, நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்ப்பது, சித்தப்பா வாசலில் தனியாக நின்று வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எல்லாம் மூன்றரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில்தான். ரிசப்ஷனில் இரண்டு மணி நேரத்தைக் குறைத்துக்கொள், விடியற்காலையில் இரண்டு மணி நேரத்தைக் கூட்டு. ரிசப்ஷனில் எட்டரை மணிக்கு மேல் நடப்பது மேடையில் ஆள் மாறி ஆள் நிற்பதுதான், அதற்கு ஒரு ஆள் போதும். முந்தின நாள் காலை பந்தக்காலும் நலங்கும் வீட்டில் நடக்கிறதே, அதை விட்டுவிடாதே. மண்டபத்தில் கிடைக்காத வெளிச்சமும் கிடைக்காத நெருக்கமும் அந்த முற்றத்தில் கிடைக்கும்.

தாலி கட்டுகிற நேரத்துக்குத்தான் இரண்டு பேர் வேண்டும். கெட்டிமேளம் முழங்கி, முதல் முடிச்சு அத்தான் போட்டு, அடுத்த இரண்டும் நாத்தனார் போட்டு முடிவதற்குள் ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஒருவர் அந்தக் கைகளையும் உன் முகத்தையும் பார்க்க வேண்டும். இன்னொருவர் உன்னைப் பார்க்கவே கூடாது. சித்தி, சித்தப்பா, எழுந்து நின்று அட்சதை போடுகிற ஆச்சி, இவர்களையே பார்க்க வேண்டும். வீடியோ கேமராவை ஓர் ஓரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தச் சொல். மாப்பிள்ளை வீட்டிலும் தனியாக ஆள் வைத்திருப்பார்கள், அத்தானிடம் இப்போதே பேசிவிடு. இரண்டு பக்கத்து ஆட்களும் முட்டிக்கொண்டு நின்றால் சபையில் இருப்பவர்கள் தாலி கட்டுவதைத் திரையில்தான் பார்க்க வேண்டிவரும். "அப்படியே நில்லுங்க, தாலியை இன்னொரு தடவை கழுத்துக்கிட்ட கொண்டு போங்க" என்று ஒரு கல்யாணத்தில் வீடியோக்காரர் கேட்டு, ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று மாறியது. உனக்கு அது நடக்கவே கூடாது. யாரும் எதையும் திரும்பச் செய்யச் சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடு.

சித்தப்பா பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்றேனே, அது குரூப் போட்டோ. தென்காசியிலிருந்து வேன் வைத்து வருகிற சொந்தக்காரர்கள் மேடையேறி, உங்களோடு நின்று, நேராகப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளத்தான் வருவார்கள். அதைக் குறைவாக நினைக்காதே. இருபது வருஷம் கழித்து யார் யார் வந்தார்கள் என்று சொல்லப்போவது அந்தப் படங்கள்தான். ஆகவே மூன்றாவது ஆட்களோடு, நம்மூர் ஸ்டூடியோவிலிருந்து டிரெடிஷனல் ஒருவரை மட்டும் மேடைக்குத் தனியாகப் பேசிக்கொள். ட்ரோன், கிரேன், ப்ரீ-வெட்டிங் மூன்றும் வேண்டாம் என்றாலே அந்தச் செலவு ஈடாகிவிடும்.

டெக்கரேஷன்காரரிடமும் ஒரு வார்த்தை. மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைத்தால் முகமெல்லாம் ஊதாவும் நீலமுமாகிவிடும், சில கேமராக்களில் படத்தின் குறுக்கே கோடு கோடாகவும் விழும். முகூர்த்த நேரத்தில் திரையை அணைத்துவிட்டு, மேடை மேல் ஒரே நிறத்தில் மஞ்சள் விளக்கு மட்டும் போதும் என்று சொல்.

எழுத்தில் வாங்க வேண்டியவை: ஆரம்பிக்கிற நேரம், முடிகிற நேரம், கூடுதல் மணிக்கு எவ்வளவு, ஜிஎஸ்டி 18 சதவீதம் விலைக்குள்ளா வெளியேவா, படம் எப்போது கைக்கு வரும், ஆல்பத்தில் எத்தனை ஷீட். கேமராவில் இரண்டு மெமரி கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகிறதா என்று கேள். படங்கள் யாருக்குச் சொந்தம் என்பதும் முக்கியம். 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் போடாதவரை. ஒப்பந்தத்தில் அந்த உரிமையை எழுதிக் கேட்டிருக்கிறார்களா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. இன்ஸ்டாகிராமில் போடுவதானால் உன்னிடம் காட்டிவிட்டுப் போடட்டும். அறைக்குள் எடுத்த எதையும் போட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடு.

"எல்லாப் படத்தையும் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்காதே. எதை விடுவது என்று தெரிந்திருப்பதும் அவர்கள் வேலைதான். ஐயாயிரம் படம் ஹார்ட் டிஸ்கில் கிடந்தால் யாரும் திறக்கமாட்டார்கள். ஆல்பத்தின் வரிசையையும் முதலில் அவர்களையே போட்டுக் காட்டச் சொல், அப்புறம் நீ மாற்றிக்கொள்.

அவர்களுக்கு மண்டபத்தில் ஓர் அறை ஒதுக்கு. ராத்திரி பதினொன்று வரை ரிசப்ஷன் எடுத்துவிட்டு மூன்றரைக்கு எழ வேண்டியவர்கள். முதல் பந்தியிலேயே சாப்பிட வைத்துவிடு. ஆச்சி, தாய்மாமன்கள், அத்தைகள், உன் ஸ்கூல் சிநேகிதிகள் என்று முக்கியமானவர்களின் படத்தையும் பெயரையும் முந்தின வாரமே அனுப்பு. யார் யார் என்று காதில் சொல்ல நம் தம்பியை அவர்களோடு விட்டுவிடுவோம், அவனுக்குச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் தெரியும்.

சித்தப்பாவிடம் நான் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். பெரிய மாமா வீட்டு ஆல்பத்தையும் கையோடு வாங்கி வருகிறேன், அந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டினால் பாதி வேலை முடிந்த மாதிரி. நீ அதற்குள் மூன்றாவது ஆட்களைக் கூப்பிட்டு முழுக் கல்யாணப் படங்களையும் கேட்டு வாங்கிவிடு. ஆவணி வளர்பிறை முகூர்த்தம், நாள் போகப் போக ஆள் கிடைக்கமாட்டார்கள்.

அன்புடன்,
அக்கா