சாம்பியன் ஊரிலிருந்து ஒரு வேண்டுகோள்: முதல் சுற்றைக் கல்லூரி அரங்குகளுக்கே திருப்பிக் கொடுங்கள்

என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவு ஆண்கள் ஐஸ் ஹாக்கிக் குழுவினருக்கு,

வணக்கம்.

தோற்ற அணியின் ரசிகர்கள் எழுதும் மனக்குறைக் கடிதங்கள் உங்களுக்கு நிறைய வந்திருக்கும். இது அந்த வகை அல்ல. அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் தேசியத் தொடரில் முதல் சுற்றைப் பொது நகரங்களில் நடத்தாமல், மேல்நிலை அணிகளின் கல்லூரி அரங்குகளிலேயே நடத்துங்கள் என்று கேட்கும் கடிதம். 2025 ஏப்ரல் 12 அன்று செயின்ட் லூயிஸில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 6-2 என்ற கணக்கில் வென்று கோப்பையைத் தூக்கியது வெஸ்டர்ன் மிச்சிகன் அணி. அந்த அணியின் ஊரான கலமசூவிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். தோற்றிருந்தால் இதையே வயிற்றெரிச்சல் என்று ஒதுக்கியிருப்பீர்கள்.

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட விளையாட்டு ஹாக்கி. புழுதி பறக்கும் மைதானத்தில் ஆடும் ஹாக்கி அது. பிழைப்புக்காக மிச்சிகன் வந்த முதல் குளிர்காலத்தில், கூட வேலை செய்யும் ஒருவர் வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் லாசன் அரங்குக்கு அழைத்துப் போனார். பந்துக்குப் பதிலாக 'பக்' என்னும் கறுப்பு ரப்பர் வட்டு, புழுதிக்குப் பதிலாக ஐஸ். மட்டை மட்டும் தெரிந்த முகமாக இருந்தது. அன்று பிடித்துக்கொண்டதுதான், இன்றுவரை விடவில்லை. இப்போது என் மகளும் அதே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

லாசன் 1974-இல் திறக்கப்பட்ட அரங்கு. 3,667 இருக்கைகள். கூரை தாழ்வு, உள்ளே குளிர் அதிகம், படிகள் செங்குத்து. 'லாசன் லூனட்டிக்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட மாணவர் கூட்டம் ஒரு பக்கம் முழுக்க நின்றபடியே ஆட்டம் பார்க்கும். எதிரணி கோல்கீப்பரின் பெயரை இழுத்து இழுத்துக் கூப்பிடும். பேண்டு வாத்தியம் முழங்கும்போது நாம் உட்கார்ந்திருக்கும் பலகையும் சேர்ந்து அதிரும். 2027-இல் நகர மையத்தில் எழும் புதிய அரங்குக்கு அணி போகவிருக்கிறது. அங்கே வசதிகள் கூடும். ஆனால் அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே எதிரொலிக்கும் சத்தத்தைப் பெட்டியில் கட்டி எடுத்துப் போக முடியாது.

2024-25 பருவத்தைப் பற்றிச் சொல்லாமல் என் கோரிக்கைக்குள் போக மனம் வரவில்லை. பயிற்சியாளர் பாட் ஃபெர்ஷ்வைலர் இதே கல்லூரிக்கு ஆடியவர். 2021-இல் பொறுப்பேற்றார். அதற்கு முன் தேசியத் தொடரில் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாத அணி, 2022-இல்தான் முதல் வெற்றியைக் கண்டது. அடுத்த மூன்றாவது ஆண்டில் 34 வெற்றி, 7 தோல்வி, ஒரு சமநிலை. எங்கள் அணி ஆடும் என்.சி.எச்.சி. லீக்கில் முதலிடத்துக்குத் தரும் பென்ரோஸ் கோப்பை முதன்முறையாகக் கலமசூவுக்கு வந்தது. மார்ச் 22 அன்று செயின்ட் பாலில் நடந்த லீக் கோப்பைத் தொடரின் இறுதியில், நடப்புத் தேசிய சாம்பியன் டென்வரை இரண்டாவது கூடுதல் நேரத்தில் 4-3 என்று வீழ்த்தினார்கள். மூன்று வாரம்கூடக் கழியவில்லை, தேசிய அரையிறுதியில் அதே டென்வர், மறுபடியும் இரண்டாவது கூடுதல் நேரம். 2-0 என்று இருந்த முன்னிலை கடைசிப் பகுதியில் கரைந்துபோனபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் யாரும் மூச்சுவிடவில்லை. ஓவன் மைக்கேல்ஸ் அந்தக் கோலை அடித்த நொடியில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிட்டார். இறுதி ஆட்டத்திலும் மைக்கேல்ஸ் இரண்டு கோல் அடித்தார்.

இவ்வளவு பெரிய பருவத்தில், லாசனுக்கு மார்ச் நடுவோடு கதவு மூடிவிட்டது. லீக் கோப்பைத் தொடரின் முதல் சுற்றுதான் அங்கே கடைசி. கேப்டன் டிம் வாஷிக்கு அதுவே கல்லூரி வாழ்க்கையில் தன் ஊர்க்காரர்கள் முன்னால் ஆடிய கடைசி ஆட்டம். மாநிலமே திரும்பிப் பார்த்த தேசியத் தொடர் முழுவதையும் எங்கள் ஊர் தொலைக்காட்சியில்தான் பார்த்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மார்ச் 23, மாலையில் அட்டவணை வெளியானது. தகுதி பெற்ற 16 அணிகளை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் நான்கு வரை நிலை கொடுப்பார்கள். நாட்டின் நான்கு முதல்நிலை அணிகளில் ஒன்று நாங்கள். ஆட்டம் வியாழக்கிழமை, வட டகோட்டாவின் ஃபார்கோவில். சாலை வழியே 1,200 கிலோமீட்டருக்கு மேல். இடையில் மூன்று முழு நாள். மகள் விமானக் கட்டணம் பார்த்தாள், பேருந்து பார்த்தாள், வியாழனன்று இருந்த தேர்வைப் பார்த்தாள், மடிக்கணினியை மூடிவிட்டாள். அவளுடைய தோழிகளில் ஒருத்திகூடப் போகவில்லை. பருவம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திய பிள்ளைகள் அவர்கள்.

எதிரே யார் வந்தார்கள் என்று பாருங்கள். நான்காம் நிலையில் இருந்த மினசோட்டா ஸ்டேட். அதே ஃபார்கோ மண்டலத்தில் மினசோட்டா பல்கலைக்கழக அணியும் ஆடியது. ரெட் நதியில் ஒரு பாலம் தாண்டினால் மினசோட்டா மாநிலம். மேலே இருந்த அணி விமானம் ஏறிப் போக, கீழே இருந்த அணியின் ஆட்கள் காரில் வந்து இறங்கினார்கள். அந்த மண்டலச் சுற்றை நடத்தும் பொறுப்பு வட டகோட்டா பல்கலைக்கழகத்துக்கு. அந்த ஆண்டு அந்த அணி தொடருக்கே தகுதி பெறவில்லை. எவருடைய வீடாகவும் இல்லாத ஓர் அரங்கில் எங்கள் பிள்ளைகள் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தப்பினார்கள். அடுத்த ஆட்டத்திலும் மாசசூசெட்ஸிடம் 2-1 என்றுதான் மீண்டார்கள். ஒரே ஒரு பக் கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தால் மேலே நான் எழுதிய கதை எதுவுமே இல்லை.

நாங்களாவது தப்பினோம். மெய்ன் தப்பவில்லை. எனக்கு எங்கள் அணியின் பயணத்தைவிட மெய்னுக்கு நேர்ந்ததுதான் அதிகம் உறுத்துகிறது. ஹாக்கி ஈஸ்ட் லீக் கோப்பையை 2004-க்குப் பிறகு அந்த ஆண்டுதான் அவர்கள் மீண்டும் வென்றார்கள். அவர்களும் முதல்நிலை அணி. ஒரோனோவில் அவர்களுடைய ஆல்ஃபாண்ட் அரங்கு எப்படி நிரம்பும் என்று கல்லூரி ஹாக்கி பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். அவர்களை 800 கிலோமீட்டருக்கு அப்பால் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்கு அனுப்பினீர்கள். அங்கே எதிரணி பென் ஸ்டேட். நான்காம் நிலை அணி, ஆனால் அந்த மண்டலத்தை நடத்துவதே அவர்கள்தான், நடத்தும் கல்லூரி தகுதி பெற்றால் அதே மண்டலத்தில்தான் ஆட வேண்டும் என்பது உங்கள் விதி. பென் ஸ்டேட் 5-1 என்று வென்றது. பென் ஸ்டேட்டை நான் குறை சொல்லவில்லை. அருமையாக ஆடினார்கள், அதன் பிறகு முதல்முறையாகக் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாகவும் வந்தார்கள். ஆனால் அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஒவ்வோர் ஆட்டமாகச் சேர்த்து மேலே ஏறிய அணி, தன் உழைப்பின் கூலியாக எதிரணியின் ரசிகர்களுக்கு நடுவே போய் நிற்பது எந்தக் கணக்கில் சரி?

நான் கேட்பது புதிய ஏற்பாடும் அல்ல. 1992-க்கு முன்னால் தேசியத் தொடரின் முதல் சுற்றுகள் கல்லூரி அரங்குகளில்தான் நடந்தன. அதன் பிறகுதான் பொது இடங்களுக்குப் போனது, 2003-இல் 16 அணிகள் ஆனபோது நான்கு மண்டலங்களாக விரிந்தது. உங்கள் அமைப்பே நடத்தும் பெண்கள் தொடரைப் பாருங்கள். அங்கே மேல்நிலை அணிகள் காலிறுதியைத் தங்கள் கல்லூரியிலேயே ஆடுகின்றன. அக்காவுக்கு ஒரு நியாயம், தம்பிக்கு ஒரு நியாயமா? பிக் டென் லீக் தன் கோப்பைத் தொடர் முழுவதையும் கல்லூரிகளுக்கே கொண்டுபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் லீக்கும் செயின்ட் பாலை விட்டுவிட்டு 2026 முதல் எல்லாச் சுற்றையும் கல்லூரி அரங்குகளில் நடத்த முடிவெடுத்தது. பொது இடத்தில் நடத்திப் பார்த்து, அனுபவப்பட்டு எடுத்த முடிவு அது.

மறுப்புகள் எனக்குத் தெரியும். சில அரங்குகள் சிறியவை என்பீர்கள். 3,667 பேர் நெருக்கியடித்து நிற்கும் அரங்கு தொலைக்காட்சியில் எப்படித் தெரியும், பெரிய அரங்கில் வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள் எப்படித் தெரியும் என்று ஒளிபரப்புபவர்களிடமே கேளுங்கள். கடைசி நேரத்தில் விடுதி, ஒளிபரப்பு வண்டிகள், ஐஸ் நேரம் எல்லாம் ஏற்பாடு செய்வது சிரமம் என்பீர்கள். லீக்குகள் ஆண்டுதோறும் சில நாள் அவகாசத்தில் அதைத்தான் செய்கின்றன. முதல் எட்டு இடங்களுக்கு அருகில் இருக்கும் கல்லூரிகளுக்கு பிப்ரவரியிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

இன்னொரு மறுப்பு மட்டும் கனமானது. சிறிய லீக் அணிகள் ஒருபோதும் சொந்த ஊரில் ஆட முடியாது, பொது இடம்தான் அவர்களுக்கு நம்பிக்கை என்பது. 2025-இல் முதன்முறையாகத் தகுதி பெற்ற பென்ட்லியை நினைத்துப் பார்த்தேன். நாட்டின் முதலிட அணியான பாஸ்டன் கல்லூரியோடு போராடி 3-1 என்று தோற்றார்கள். அவர்களுக்கு நான் எதிரி அல்ல. ஆனால் அவர்கள் வெல்ல வேண்டியது ஒரு நிறைந்த அரங்கை அடக்கித்தான் என்று நினைக்கிறேன். எதிரூரில் போய் ஐயாயிரம் பேரை வாயடைக்க வைத்துவிட்டுத் திரும்பும் வெற்றியைப் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்வார்கள். பாதி காலியான அரங்கில் கிடைத்த வெற்றி அப்படி நிலைக்காது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். 16 அணிகளில் முதல் எட்டு இடம் பிடித்தவர்களுக்கு முதல் சுற்றை அவர்களுடைய அரங்கிலேயே கொடுங்கள். அதற்குப் பிறகான சுற்றை எங்கே நடத்துவது என்று நீங்கள் பேசி முடிவெடுங்கள். கடைசி நான்கு அணிகளின் ஃப்ரோசன் ஃபோர் பெருநகரங்களிலேயே இருக்கட்டும். அது திருவிழா, திருவிழாவுக்குப் பயணப்பட மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது.

முடிவெடுக்கும் முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு லாசனுக்கு வாருங்கள், அணி புதிய அரங்குக்குப் போவதற்குள். இடப்பக்கம் மேல்வரிசையில் நானும் என் மனைவியும் இருப்போம், எதிர்ப்பக்கம் மாணவர் கூட்டத்தில் என் மகள் நிற்பாள். கனமான கையுறை எடுத்து வாருங்கள், உள்ளே குளிர் கடுமையாக இருக்கும். முதல் கோல் விழும்வரை பொறுங்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டபின் இந்தக் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

அன்புடன்,
கலமசூவிலிருந்து ஒரு ரசிகன்